தலையாட்டாதவர்

தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. பாத்திரக்கடைக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறெப்படி இருக்க முடியும்? "இந்தக் குக்கர் பத்து வருஷம் வருமா?" என்று கேட்டாலும் தலையாட்ட வேண்டும், "போன மாசம் வாங்கினது ஒழுகுதும்மா" என்று திட்டினாலும் ஆட்ட வேண்டும். மாமியார், நாத்தனார், பேங்க் மேனேஜர், கோயில் வசூலுக்கு வருபவர்கள் என்று எல்லோருக்கும் ஆட்டி ஆட்டிக் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டதாக டாக்டரே சொல்லிவிட்டார். அதனால்தான் தெரியாத ஒன்றுக்கு ஒரு தடவைகூடத் தலையாட்டாத ஒரு பெண்மணியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதி, அதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், "என்னக் கேட்டுட்டா எழுதினாங்க?" என்றுதான் முதலில் கேட்பார். கேட்கவும் இப்போது வழியில்லை. மகள் வேலைக்குப் போனதும் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார்கள். என்னிடமிருந்த நம்பரில் கூப்பிட்டால் யாரோ ஒருவர் கன்னடத்தில் சலித்துக்கொள்கிறார். ஊர் அழைத்த மாதிரியே யசோதராம்மா என்று சொல்லிக்கொள்கிறேன். யசோதரா அவருடைய மகள். என் மகள் ஷாலினியும் அவளும் எங்கள் ஊர் கான்வென்ட்டில் எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே வகுப்பு.

கத்தோலிக்கர் அல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கான்வென்ட்டில் இடம் வாங்க தங்கச் சுரங்க ஊரான எங்கள் தங்க வயலில் ஆளுக்கொரு வித்தை சொல்வார்கள். பங்குச் சாமியாரிடம் லெட்டர் வாங்கு என்பார்கள். பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு ரோஸியோ ஸ்டெல்லாவோ சேர்த்து எழுது என்பார்கள். பொட்டில்லாமல் கூட்டிப் போ என்பார்கள். நான் கடைசி வித்தையைச் செய்தேன். கான்வென்ட் கேட்டுக்கு வெளியே நின்று ஷாலினியின் திருநீற்றை முந்தானையால் துடைத்தேன், என் குங்குமத்தையும் கடுகளவாகக் குறைத்துக்கொண்டேன். உள்ளே போனால் சிஸ்டர்கள் யாரும் எங்கள் நெற்றியைப் பார்க்கவேயில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்தான் யசோதராம்மா. ஒல்லியாக, நெடுநெடுவென்று, வெளுத்த நீலப் புடவையில் இருந்தார். கிளார்க் அவருடைய ஃபாரத்தைப் புரட்டிவிட்டு, "மதம்ங்கற எடத்துல பௌத்தம்னு போட்டிருக்கீங்க. அது ஹிந்துலயே வந்துடும்மா. மாத்திடட்டா?" என்றார்.

"எதுல வரும்னு நான் கேக்கலீங்களே. நாங்க இன்னாவா கீறோமோ அத எழுதிக்கீறேன்."

"சும்மா ஒரு கட்டம்தானேம்மா."

"சும்மான்னா அப்டியே உட்டுடுங்க. மாத்தறது இன்னாத்துக்கு?"

கிளார்க் விட்டுவிட்டார். அடுத்தது ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரின் அறை. சிஸ்டருக்கு மங்களூர்ப் பக்கம். எங்கள் ஊரில் வந்து கற்றுக்கொண்ட தமிழ். நாலைந்து பெற்றோரை ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார். காலையில் ப்ரேயர் உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு மாரல் சயன்ஸ். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்கு எல்லாப் பிள்ளைகளும் கோயிலுக்கு வந்து அமைதியாக உட்கார வேண்டும். சம்மதமா?

அவர் வாயை மூடுவதற்குள் எங்கள் தலைகள் ஆடிவிட்டன. முதலில் ஆடியது என்னுடையது.

"அந்த ப்ரேயர்ல இன்னா சொல்லுவாங்க சிஸ்டர்? பாக்கலாமா?" என்றார் யசோதராம்மா.

சிஸ்டர் ஒரு அச்சிட்ட தாளை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். ஷாலினிக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுல இன்னிக்கு வேண்டிய சோறு குடுன்னு கேக்கறாங்க. அது கேக்கலாம், தப்பில்ல. ஆனா கடைசில விசுவசிக்கிறேன், விசுவசிக்கிறேன்னு வருது. அது இன்னான்னு தெரியாம என் பொண்ணு சொல்லக்கூடாது. அந்த ப்ரேயருக்கு அவ எழுந்து நிப்பா, கை கட்டிக்குவா, வாய் தொறக்க மாட்டா. உங்களுக்குப் பரவால்லையா?"

இவளுக்கு இடம் போச்சு என்று நினைத்தேன். சிஸ்டர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பரவாயில்லை. நீங்க ஒருத்தர்தான் இதைப் படிச்சுப் பார்த்தது," என்றார்.

வெளியே வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இத்தினி யோசன இருந்தா வேற ஸ்கூல்ல போடலாமே," என்றேன்.

"எங்கம்மா இங்கதான் அஞ்சாவது வரைக்கும் படிச்சாங்க. அப்ப ஊர்ல எங்க போனாலும் எங்களுக்குத் தனித் தம்ளரு. இங்க ஒரே பான, ஒரே தம்ளரு. எங்கம்மா குடிச்சிட்டு வெச்சத அடுத்த பொண்ணு எடுத்துக் குடிச்சிது. சிஸ்டருங்க அதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்லையாம். அதுக்காகவே என் பொண்ணு இங்கதான் படிக்கணும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குரலில் ஆசை தெரிந்தது. அதை அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

அவருக்குப் பெங்களூரில் தையல் கம்பெனி வேலை. மாரிக்குப்பத்தில் காலை ரயில் வண்டியைப் பிடித்தால் இரவு ஏழரைக்குத்தான் திரும்புவார். வீட்டுக்காரர் லாரியில் வெளியூர். ஆகவே பள்ளி விட்டதும் யசோதரா ஷாலினியோடு ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் எங்கள் கடைக்கு வந்துவிடுவாள். இரண்டும் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும். வண்டியிலிருந்து இறங்கி யசோதராம்மா வந்து அழைத்துக்கொண்டு சாம்பியன் ரீஃபில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டுக்குப் போவார். இப்படித்தான் எங்கள் பழக்கம் ஏற்பட்டது.

பழகுவதற்குச் சுலபமான ஆள் என்று சொல்ல மாட்டேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு "நல்லாக்கீதா?" என்று கேட்டால், நின்று பார்த்து, "உங்களுக்கு இந்தக் கலரு எடுக்கலீங்க," என்பார். என் நாத்தனார் மகள் கல்யாணப் பத்திரிகையை மாமியார் நீட்டியபோது, ஊரே "கட்டாயம் வரோம்" என்று சொல்லிவிட்டு வராமலிருக்கும் ஊரில், "அன்னிக்கு வேல கீது, வர மாட்டேங்க. பொண்ணு நல்லாருக்கட்டும்," என்றார். மாமியார் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிப் பொருமினார். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் 'ஆல்ரவுண்ட் டெவலப்மென்ட்' என்று மூன்று தடவை சொன்னதற்கு நாங்கள் மூன்று தடவை தலையாட்டினோம். அவர் எழுந்து, "அப்டின்னா இன்னா மேடம்?" என்றார். டீச்சர் விளக்கத் தொடங்கி, பாதியில் நின்று, அடுத்த மீட்டிங்கில் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்படி எல்லாத்தயும் கேக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பா மைன்ஸ்ல, ஷாஃப்ட்ல மணி அடிக்கற வேல. கீழருந்து மணி வந்தா, இவரும் அத்தினி மணி திருப்பி அடிக்கணும். அப்பதான் ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜ் நகரும். நடுவுல ஒருத்தரு தலையாட்டினாரு, கை காமிச்சாருன்னு கேஜ உட்டா, உள்ள கீறவன் செத்தான். வீட்லயும் அதே ரூலு. இன்னா சொன்னாலும் நாங்க திருப்பிச் சொல்லணும். பழகிப்போச்சி."

எங்கள் கடையில் டீ வரவழைக்கும்போது அவருக்கும் வரும். எங்களுக்கு எவர்சில்வர் தம்ளர், அவருக்குப் பேப்பர் கப். மாமியார் ஏற்பாடு. நான் கவனித்ததேயில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். ஒருநாள் அவர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கியிருந்த தம்ளர்களை எல்லாம் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தினி தம்ளரு கீதே. எனக்கு மட்டும் இன்னாத்துக்குங்க பேப்பரு?"

கோபமாகக் கேட்கவில்லை. டீச்சரிடம் கேட்டது போலத்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், என் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. எழுந்து போய் ஷெல்ஃபிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக் கழுவி அதில் ஊற்றிக் கொடுத்தேன். மாமியாரிடம் அன்று நான் பட்ட பாட்டை விடுங்கள். அதற்குப் பிறகு பேப்பர் கப் எங்கள் கடைக்குள் வரவில்லை.

அவர் மகளும் அச்சாக அப்படியே. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொடுத்தால், கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இது சாமிக்கு வெச்சதா? எதுக்கு வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவள் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"சாப்பிடாதேன்னு சொல்லலீங்க. ஒருத்தரு சாமி முன்னாடி வெச்சிக் குடுக்கறது அவங்களுக்குப் பெருசு. வாய்ல போட்டுட்டுக் கொட்டாவி உட்டுக்கினு போனா அது அவங்களக் கேவலப்படுத்தற மாதிரி. இன்னான்னு கேட்டுட்டுச் சாப்புடு, கேக்க முடியலன்னா எங்கிட்ட எடுத்துனு வா, நான் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிக்கீறேன்."

பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இந்த வார்த்தைதான் எங்களை ஒரு வழி பண்ணியது.

அது ஒரு முதல் வெள்ளிக்கிழமை. பூசை வைத்தவர் வெளியூரிலிருந்து வந்த சாமியார். வகுப்பு டீச்சரும் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரத்தில், அதற்கென்று தயாராகி முதல் நன்மை வாங்கிய கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும்தான் எழுந்து போக வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். புது டீச்சருக்கு யார் யார் என்று தெரியவில்லை. அசெம்பிளிக்கு அனுப்புவது போல பெஞ்ச் பெஞ்சாக எழுப்பி வரிசையில் அனுப்பிவிட்டார். கத்தோலிக்கப் பிள்ளைகளின் பெஞ்சில் கலந்து உட்கார்ந்திருந்த ஷாலினியும் யசோதராவும் வரிசையோடு போனார்கள். முன்னால் இருந்தவள் கை நீட்டினாள், இவர்களும் நீட்டினார்கள்.

சாயந்திரம் கடையில் யசோதரா ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸுக்குப் பக்கத்தில் மடித்த கைக்குட்டை, அதற்குள் வெள்ளையாக, வட்டமாக ஒரு சின்ன அப்பம். "அம்மா வந்ததும் கேக்கணும் ஆன்ட்டி, இது இன்னான்னு," என்றாள்.

"நான் அப்பவே சாப்ட்டுட்டேன். ருசியே இல்ல, பொரிக்காத அப்பளம் மாதிரி," என்றாள் ஷாலினி.

எங்கள் கடையில் இருபது வருஷமாக வேலை பார்த்த சூசையண்ணன் அப்போது ஏணியில் நின்று தவலை அடுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர். இறங்கி வந்து பாக்ஸுக்குள் பார்த்தார். காலிலிருந்த செருப்பைக் கழற்றித் தூர வைத்துவிட்டு வந்து கை கூப்பினார்.

"யாரும் தொடாதீங்கம்மா. இது எங்களுக்கு ரொட்டி இல்ல. ஆண்டவரு."

பழைய சாமி படங்களை நாங்கள் என்ன செய்வோமோ அதுதான் வாயில் வந்தது. "பேத்தமங்களா ஏரில உட்டுடலாமாண்ணா?"

"ஏரில உடற சாமி இல்லம்மா இது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னது எவ்வளவு பெரிய அபத்தம் என்று உறைத்தது.

இதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து என் கொழுந்தன் வந்துவிட்டார். எதிலும் முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர். "பிள்ளைங்களுக்கு இதக் குடுத்து மதம் மாத்தறாங்களா? போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடறேன். நாளைக்குப் பத்துப் பேரு கேட்ல போய் நிக்கறோம்," என்று ஃபோனைத் தூக்கினார். நான் பாக்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சரக்கெடுக்கப் பெங்களூர் போயிருந்தார். யசோதராம்மா வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். மகளிடம், "யாராச்சும் வாங்கச் சொன்னாங்களா?" என்றார்.

"இல்லம்மா. லைன் போச்சி, போனேன்."

"ஃபாதரு கூப்ட்டாரா?"

"இல்ல. நான்தான் கை நீட்டினேன்."

கொழுந்தன் பக்கம் திரும்பினார். "அண்ணா, யாரும் மதம் மாத்தல. எம்பொண்ணு கை நீட்டிக்கீறா, நீட்டின கைல வெச்சிக்கீறாங்க. நீங்க கேட்ல போய் நின்னா, நானும் வந்து எதிர்ல நின்னு இதத்தான் சொல்வேன்." கொழுந்தன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

சூசையண்ணன் நல்ல மனுஷர். "எங்கிட்ட குடுங்கம்மா. கோயில்ல குடுத்துடறேன். பெஞ்சுக்கடில கெடந்துச்சின்னு சொல்லிக்கறேன்," என்றார்.

"கெடக்கலியேண்ணா," என்றார் யசோதராம்மா.

நான் அவரைத் தனியாக இழுத்துப் போனேன். "இத நீங்களே போய்ச் சொன்னா டீ.சி. குடுத்து அனுப்பிடுவாங்க. அந்த ஸ்கூலுக்காக எவ்ளோ ஆசப்பட்டீங்க. சூசையண்ணன் சொல்றபடி செய்யுங்களேன்."

"குடுத்தாலும் குடுப்பாங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. பயப்படாத ஆள் என்று அவரை நான் எண்ணியிருந்தது தப்பு. நன்றாகவே பயந்திருந்தார். "ஆனா இது அவங்களுது. அவங்ககிட்ட எப்படி வந்துச்சின்னு சொல்லித்தான குடுக்கணும்." பிறகு சூசையண்ணனிடம் போய், காலை வரைக்கும் அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சுத்தமான இடத்தில் வைத்து ஒரு விளக்கு ஏற்றச் சொன்னார் அவர். வீட்டில் அம்மா அதைப் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார் என்று பிறகு யசோதரா சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை. யசோதராம்மா வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, ஜாமெட்ரி பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். கேட் வரைக்கும் சூசையண்ணன் செருப்பில்லாமல் பின்னால் வந்தார். நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஷாலினியின் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம்தான் இழுத்துப்போனது. ஷாலினி பேரையும் சொல்வீர்களா என்று வழியில் மெதுவாகக் கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேங்க. அது நீங்க சொல்ல வேண்டியது. சொல்வீங்களா?" என்றார்.

ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு தலையாட்டல் இருக்கிறது. அதைச் செய்தேன்.

சிஸ்டர் பாக்ஸைத் திறந்து பார்த்ததும் எழுந்து நின்றார். அதை எடுத்துக்கொண்டு சிற்றாலயத்துக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து, பாக்ஸையும் கைக்குட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டார். "இதை ஒளிச்சிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார்.

"உங்களுக்கு அது ஆண்டவருன்னு சொன்னாங்க சிஸ்டர். எப்படி ஒளிக்கறது?"

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"துணைக்கு வந்தேன் சிஸ்டர்," என்றேன்.

யசோதராம்மா என் பக்கம் திரும்பவில்லை.

வெளியில் பேச்சு ஏதும் இருக்கிறதா என்று சிஸ்டர் கேட்டார். இருக்கிறது என்று யசோதராம்மா சொன்னதும் அவர் முகம் மாறியது. இந்தக் காலத்தில் அவருக்கும் பயப்படக் காரணம் இருந்தது. நடந்ததை எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பி விஷயத்தை முடித்துவிடுகிறேன் என்று ஒரு தாளை நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல யசோதராம்மா எழுதினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுதினார். என் மகள் தெரியாமல் கை நீட்டினாள். எழுதினார். கத்தோலிக்கர் அல்லாத வேறு எந்தப் பிள்ளையும் போகவில்லை.

பேனாவைக் கீழே வைத்தார். "இந்த வரி வேணாம் சிஸ்டர்."

"ஏன்? வேற யாராவது போனாங்களா?"

"போனாங்க."

"யாரு?"

"அது அவங்க வீட்லருந்து வந்து சொல்லணும் சிஸ்டர். நான் சொல்ல மாட்டேன்."

சிஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஒரு பிள்ளைன்னா தெரியாம நடந்ததுன்னு முடியும். இன்னும் இருக்காங்க, பேர் தெரியலைன்னா மொத்த ஸ்கூலையும் விசாரிப்பாங்க, வெளியில வேற கூட்டம் கூடும். பேரைச் சொல்லுங்க, இல்லைன்னா அந்த வரியை எழுதுங்க. ரெண்டும் முடியாதுன்னா, உங்க பிள்ளையை வேற ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லுவாங்க. என்னால தடுக்க முடியாது."

மகளின் கைக்குட்டை அவர் மடியில் இருந்தது. அதை நாலாக மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

"டீ.சி. எழுதுங்க சிஸ்டர்."

என் நாற்காலி அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவர் பார்க்கவில்லை. அம்மா தண்ணீர் குடித்த பள்ளியை என் கண்ணெதிரில் விட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சிஸ்டர் எழுந்து பீரோ வரைக்கும் போய்விட்டார்.

"சிஸ்டர், எம்பொண்ணுதான். அவளும் போனா. அவ சாப்ட்டுட்டா."

சிஸ்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பெஞ்ச் பெஞ்சா எழுப்பி அனுப்பினது எங்க டீச்சர். முதல் நாள் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்காதது நான். அது இதுல இல்லையே. அதை நான் எழுதறேன்," என்று சொல்லி, யசோதராம்மாவின் எழுத்துக்குக் கீழே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் தாளைத் தள்ளினார். நான் ஷாலினியைப் பற்றி எழுதினேன்.

இரண்டு பிள்ளைகளும் அங்கேயேதான் பத்தாவது முடித்தார்கள். அடுத்த மாதப் பூசையில் சிஸ்டர் தானே முன்னால் வந்து நின்று, இது என்ன, யார் வரலாம், மற்றவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் விளங்கச் சொன்னாராம்.

ஆனால் அன்றைக்குக் கான்வென்ட் கேட்டுக்கு வெளியே வந்ததும் நான் உடைந்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிடுங்க," என்றேன். வேறு யாராக இருந்தாலும், உட்டுத் தள்ளுங்க, பரவால்லங்க என்று சொல்லியிருப்பார்கள். அவர் யோசித்தார்.

"இன்னிக்கி முடியாதுங்க. கோபம் கீது. நீங்க அந்தச் சேர்ல பேசாம உக்காந்துக்கினு இருந்தீங்களே, அது பூராக் கோபமா கீது. மன்னிச்சிட்டேன்னு இப்ப சொன்னா பொய்யாப் பூடும். போச்சின்னா சொல்றேன்."

கையை உதறவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

திங்கட்கிழமை யசோதரா வழக்கம்போலக் கடைக்கு வந்தாள். அவரும் ஏழரைக்கு வந்தார். சௌக்கியம் விசாரித்தார், டீ குடித்தார், மாமியாரின் மூட்டுவலிக்கு ஒரு எண்ணெய் சொன்னார். எதிலும் குறை வைக்கவில்லை. நான்தான் தினமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவும் தைரியமில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு போயிற்று. ஆயுதபூஜை வந்து போயிற்று. இனி சொல்ல மாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு அது தேவைதான் என்றும் சொல்லிக்கொண்டேன்.

மார்கழிக் குளிர் தொடங்கியிருந்த ஒரு சாயந்திரம், கடையில் நல்ல கூட்டம். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சீர்வரிசைக்கு அண்டா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யசோதராம்மா வந்து மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இறங்கியவர் திரும்பி ஏறி வந்தார்.

"அது போச்சிங்க."

"எது?"

"கோபம். காலைல ட்ரெயின்ல உக்காந்து தேடிப் பாத்தேன். இல்ல. அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வயசுக்குள் என்னை எத்தனையோ பேர் மன்னித்திருக்கிறார்கள், கேட்ட மாத்திரத்தில், சிரித்துக்கொண்டே. அதில் ஒன்றையாவது நான் நம்பினேனா என்று தெரியவில்லை. இதை நம்பினேன். கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டாவின் கனத்தைப் பற்றி ஏதோ கேட்டார்கள். இதோ வரேன் என்று சொல்லிவிட்டு, உள்ளறைக்குப் போய் அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.